டி டிரைவில் பத்திரமாக இருக்கிறதா?



வீட்டுக் கணினியில் இருப்பதை எப்படிப் பாதுகாப்பது, போய்விட்டால் எப்படி மீட்பது என்று இந்த நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் இந்த மாதிரித் தலைப்பில் பேசுகிறவர்கள் ஓலைச்சுவடியில் ஆரம்பித்து, கரையானைத் திட்டி, உ.வே.சா.வை வணங்கிய பிறகுதான் கணினிக்கு வருவார்கள். இன்றைக்கு அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நேராக உங்கள் வீட்டு மேசைக்கே போய்விடுவோம்.

உங்கள் கணினியைத் திறந்தால் சி, டி, சில வீடுகளில் ஈ என்று வரிசையாகத் தெரியும். "முக்கியமானதெல்லாம் டி-யில்தான் சார் போட்டிருக்கிறேன், பயமில்லை" என்று சொல்லாத வீடு குறைவு. இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்த கணினிகளின் காலத்தை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் 98, அதன்பின் எக்ஸ்பி. வைரஸ் வரும், வேகம் குறையும், ஒருநாள் ஏறவே ஏறாது. கடைக்காரத் தம்பி வந்து "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்பார். அவர் அழிப்பது விண்டோஸ் இருக்கும் சி-யை மட்டும். டி-யில் போட்டு வைத்தது தப்பிக்கும். ஆகவே டி டிரைவ் என்பது ஃபார்மட்டிலிருந்து தப்பிக்க நம் ஊர் கண்டுபிடித்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், அது எதற்காக வந்ததோ அந்த வேலையை ஒழுங்காகச் செய்தது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், காரணம் மறந்துபோய்ப் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. பெரும்பாலான வீடுகளில் சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்க்தான். ஓர் அறைக்கு நடுவே பலகைத் தடுப்பு வைத்து இரண்டு அறை என்று சொல்லிக்கொள்கிறோம். கூரை விழுந்தால் இரண்டு அறையும் சேர்ந்துதான் போகும். டிஸ்க் பழுதானால் டி தப்பாது. மடிக்கணினி திருடு போனால் டி-யும் கூடவே போகும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல் உள்ளே வந்தால் சி, டி என்று அது வித்தியாசம் பார்க்காது.

நான் சொல்ல வந்தது இதுதான். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு பிரதியையும் பார்த்து, 'இது எந்த ஆபத்துக்கு எதிராக இருக்கிறது?' என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வந்தால் அது பேக்கப். வராவிட்டால் இடத்தை அடைக்கும் இன்னொரு கோப்பு. எல்லா ஆபத்துக்கும் ஒரே பிரதி போதாது. எத்தனை பிரதி என்ற எண்ணிக்கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்துப் பிரதியும் ஒரே பையில் இருந்தால் அது ஒரு பிரதிதான்.

முதலில் டிஸ்க். அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. நூறு டிஸ்க்குக்கு ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு வரை பழுதாகின்றன என்பது அதன் சுமாரான சாரம். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். நூறு வீடு உள்ள ஒரு நகரில் ஐந்து ஆண்டுகளில் ஐந்திலிருந்து பத்து வீடுகள் என்று கணக்குப் போட்டால் வேறு மாதிரி இருக்கும். அதுவும் குளிரூட்டிய அறையில், சீரான மின்சாரத்தில், யாரும் தொடாமல் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கு. நம் மே மாதமும், ஜன்னல் தூசியும், சாயங்கால வோல்டேஜ் ஆட்டமும் அதில் சேரவில்லை.

ஹார்ட் டிஸ்க் சாகும்போது பல சமயம் சொல்லிவிட்டுத்தான் சாகும். 'டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். ஃபோல்டர் திறக்க நேரமாகும். அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அதனால்தான் மீதியும் கெடுகிறது. சத்தம் வந்தால் அணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது மதிப்புள்ளது என்றால் தரவு மீட்பு ஆய்வுக்கூடத்துக்கு அப்படியே கொண்டுபோங்கள். செலவு அதிகம், உத்தரவாதம் இல்லை. இப்போது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்.எஸ்.டி. அந்தச் சத்தத்தையும் போடாது. நேற்று இருந்தது, இன்று இல்லை, அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.டி. பற்றி இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய அனுபவம் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால் அது உடனே போய்விடாது. இந்த இடம் காலி என்ற குறிப்பு மட்டும் மாறும். அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். அதனால்தான் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் அழித்த படங்களைத் தோண்டி எடுத்துக் கொடுத்தன. "ரிக்கவரி போட்டு எடுத்துடலாம்" என்று கடைக்காரர் தைரியமாகச் சொன்னதும் அதனால்தான். எஸ்.எஸ்.டி.யில் கதை வேறு. டிரிம் என்றொரு கட்டளை உண்டு. ஒரு கோப்பை அழித்ததும், 'இந்த இடம் இனி வேண்டாம், துடைத்து வைத்துக்கொள்' என்று விண்டோஸ் அந்த டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இது நடக்கிறது. டிஸ்க் தனக்குள் சுத்தம் செய்துகொண்டபின் எந்த மென்பொருளாலும் தோண்ட முடியாது. கணினி வேகமாயிற்று, மன்னிப்பு குறைந்தது. ஆகவே ரீசைக்கிள் பின்னைக் காலி செய்த பிறகு 'எடுத்துவிடலாம்' என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பிரதி இருந்தால் உண்டு.

"எனக்கு எல்லாம் கிளவுடில் இருக்கிறது" என்று ஒரு நண்பர் முன்வரிசையில் சொல்கிறார். சரி, எது கிளவுட்? ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டும் முதலில் ஒத்திசைவுக்காகச் செய்யப்பட்டவை. இங்கே மாற்றினால் அங்கே மாறும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு இல்லை. ஏப்ரலில் தவறுதலாக அழிந்த ஒரு ஃபோல்டரை ஜூலையில் தேடினால் கிடைக்காது. இலவச இடமும் ஒன்டிரைவில் 5 ஜி.பி., கூகுளில் 15 ஜி.பி.தான், அந்தப் பதினைந்தையும் மின்னஞ்சலும் புகைப்படமும் பங்குபோட்டுக்கொள்ளும். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்களை ஒன்டிரைவுக்குள் கொண்டுபோய்விடுவது பல சமயம் நம்மைக் கேட்காமலே நடக்கிறது. இடம் நிரம்பியதும் அது நின்றுவிடும். மூலையில் ஒரு சின்ன எச்சரிக்கை வரும். நாம் அதை மூடிவிடுவோம். கிளவுடை வேண்டாம் என்று சொல்லவில்லை. டிஸ்க் செத்தால் அது உதவும், வீடே போனாலும் உதவும். கைத்தவறுக்கு எதிராக மட்டும் அது பாதிக் காவல்தான்.

அடுத்தது பணம் கேட்கும் நிரல்கள், ரான்சம்வேர். பெரிய நிறுவனங்களைத்தான் தாக்கும், நம்மிடம் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். வீட்டுக் கணினிகளையே குறிவைத்துப் பல ஆண்டுகள் உலவிய ஒன்று உண்டு. ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் பெயர். அது எப்படி வந்தது தெரியுமா? காசு கொடுக்காமல் மென்பொருளைத் திறந்துகொள்ள நாம் தேடி இறக்குகிற 'கிராக்' வழியாக. போட்டோஷாப் கிராக், வீடியோ எடிட்டர் கிராக் என்று போடப்பட்டிருக்கும். நிறுவும்போது 'ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்' என்று குறிப்பும் இருக்கும். நாமே அணைத்துக் கதவைத் திறந்துவிடுவோம். அது ஒவ்வொரு கோப்பையும் பூட்டிவிட்டு, 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை என்று கடிதம் வைக்கும். ஆடித் தள்ளுபடிதான்! சில பழைய வகைகளுக்கு ஆய்வாளர்கள் திறவுகோல் கண்டுபிடித்தார்கள். பிறகு வந்த பலவற்றுக்குக் கிடைக்கவில்லை.

இந்த நிரல்கள் கணினியில் எட்டுகிற எல்லா டிரைவுக்கும் போகும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைப் பின்னால் சொருகி அப்படியே வைத்திருந்தால் மூலமும் பிரதியும் ஒரே இரவில் பூட்டப்படும். விண்டோஸ் தானாக வைத்திருக்கும் பழைய நிழல் பிரதிகளையும் முதல் வேலையாக அழித்துவிடும். ஆகவே பேக்கப் டிஸ்க்கின் முக்கியமான பாதுகாப்பு அம்சம் அதன் வயர்தான். நகல் முடிந்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். முடிந்தால் இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று சொருகியிருக்கும் நேரத்தில் ஆபத்து வந்தாலும் மற்றது வெளியே இருக்கும். பீரோவில் தூங்கப்போகிற பிரதிக்கு எஸ்.எஸ்.டி.யைவிட, பென் டிரைவைவிட, பழைய பாணி ஹார்ட் டிஸ்க்கே மேல். மின்சாரம் இல்லாமல் நீண்டகாலம் கிடந்தால், அதிலும் சூடான இடத்தில், முன்னவற்றில் பதிந்த மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும்.

இனி, தமிழில் எழுதுகிறவர்களும் சிறுபத்திரிகை நடத்தியவர்களும் அச்சுக்கூடம் வைத்திருந்தவர்களும் இங்கே நிறையப் பேர் இருப்பதால், கொஞ்சம் நின்று பேச வேண்டிய ஒரு விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பேக்கப் கையேடுகளில் இது இருக்காது.

1990களிலும் 2000களின் முற்பாதியிலும் தமிழில் தட்டச்சு செய்தவை பெரும்பாலும் யூனிகோடு இல்லை. பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு ஃபாண்ட் குடும்பம். கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய எண்களைத்தான் கோப்பில் எழுதும்; திரையில் அந்த எண்ணுக்குத் தமிழ் உருவத்தைக் காட்டுவது ஃபாண்ட். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஃபாண்டுக்கு ஃபாண்ட் வேறு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறிமுறைகளைத் தமிழக அரசு தரமாக வகுத்தது, பழையவையும் தொடர்ந்தன. 2010இல் அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட கதைகள், கட்டுரைகள், ஊர் வரலாறுகள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் எல்லாம் அந்தப் பழைய குறிமுறைகளில்தான் கிடக்கின்றன.

இப்போது டி டிரைவுக்குத் திரும்புங்கள். உங்கள் நாவல் டி-யில் இருக்கிறது. ஃபாண்ட் எங்கே இருக்கிறது? சி-யில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். தம்பி வந்து சி-யை ஃபார்மட் போட்டார். நாவல் தப்பித்தது; ஃபாண்ட் போய்விட்டது. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு பக்கம். ஒரு பைட்கூடத் தொலையவில்லை. ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியவில்லை. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டவர்களும் உண்டு. தயவுசெய்து அழிக்காதீர்கள். எந்த ஃபாண்டில் அடித்தது என்பது தெரிந்தால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவியில் போட்டு யூனிகோடாக மாற்றிவிடலாம். தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். வாக்கியம் தமிழாகும்போது பிடித்துவிட்டோம் என்று தெரிந்துவிடும்.

பேஜ்மேக்கர் கோப்பு இன்னும் சங்கடம். தமிழ்ப் புத்தக வடிவமைப்பு ஒரு தலைமுறை முழுவதும் பேஜ்மேக்கரில்தான் நடந்தது. 2001இல் வந்த 7.0 அதன் கடைசிப் பெரிய பதிப்பு. அதன் வாரிசான இன்டிசைன், சி.எஸ்.6 பதிப்பு வரைதான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். அதற்குப் பிறகு வந்தவை திறக்காது. அதாவது உங்கள் புத்தகக் கோப்பைப் படிக்க மூன்று பொருள் வேண்டும்: கோப்பு, ஃபாண்ட், மென்பொருள். பேக்கப் எடுத்தவர் பெரும்பாலும் முதலாவதை மட்டும் எடுத்திருப்பார். பழைய கணினி இன்னும் ஏறுகிறது என்றால், பேரீச்சம்பழத்துக்குப் போடுவதற்கு முன்னால் அதிலேயே ஒவ்வொரு புத்தகத்தையும் பி.டி.எஃப். ஆக்குங்கள். ஃபாண்ட் பி.டி.எஃப்.புக்குள்ளேயே பதிந்துவிடும்படி செய்யுங்கள். அதோடு உரையை மட்டும் தனியாக எடுத்து யூனிகோடாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பி.டி.எஃப். பக்கம் எப்படி இருந்தது என்பதைக் காக்கும்; யூனிகோடு உரை மறுபதிப்புக்கு உதவும். ஃபாண்ட் ஃபோல்டரையும் நகலெடுத்து, 'இந்த நூல் இந்த ஃபாண்டில்' என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டால் பின்னால் வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.

சி-யிலேயே தங்கிவிடும் வேறு சாமான்களும் உண்டு. டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். மாற்றாமல் விட்டிருந்தால் அது சி-யில்தான் இருக்கும். பிரௌசரில் குறித்து வைத்த முகவரிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அங்கேதான்.

கருவிகள் என்று பார்த்தால் கடையில் பெரிதாக வாங்க ஒன்றுமில்லை. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். 2007 முதல் டைம் மெஷின் கூடவே வருகிறது. டிஸ்க்கைச் சொருகினால் மணிக்கொரு பிரதி, பிறகு நாளுக்கொன்று, பிறகு வாரத்துக்கொன்று என்று தானே வைத்துக்கொள்ளும். லினக்ஸ்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர்கள்தான் எனக்குச் சொல்வார்கள். விண்டோஸில் 2012 முதல் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, கன்ட்ரோல் பேனலில் தேடினால் கிடைக்கும். ஒரு கோப்பின் நேற்றைய வடிவம், போன மாத வடிவம் என்று தனித்தனியாக வைத்திருக்கும். அத்தியாயம் மூன்றை அழித்து நான்கை அதன்மேல் சேமித்துவிட்ட எழுத்தாளருக்கு இது தெய்வம். ஆனால் இங்கேயும் நம் டி டிரைவ் குறுக்கே வருகிறது. ஃபைல் ஹிஸ்டரி பார்ப்பது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான இடங்களைத்தான். டி-யில் நீங்களே உருவாக்கிய ஃபோல்டரை அது தானாகத் தொடாது. அந்த ஃபோல்டரை லைப்ரரி என்ற தொகுப்பில் நாம் சேர்த்தால்தான் எடுக்கும். ஆண்டுக்கணக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், உள்ளே நமக்கு வேண்டியது ஒன்றும் இருக்காது.

கோப்பு பத்திரமாக இருந்தாலும் கணினி ஏற வேண்டுமே, அதைப் பார்ப்போம். வேலை செய்துகொண்டிருக்கும் நாளில் ஒரு பென் டிரைவை எடுத்து ரிக்கவரி டிரைவ் ஒன்றை உருவாக்கி வையுங்கள். விண்டோஸிலேயே அந்தக் கருவி இருக்கிறது, 16 ஜி.பி. குறைந்தபட்சம், 32 ஆனால் கவலையில்லை. பென் டிரைவில் முன்னால் இருந்ததெல்லாம் அழியும். சிஸ்டம் ரெஸ்டோர் என்பதை பேக்கப் என்று நினைக்காதீர்கள். அது விண்டோஸின் அமைப்புகளைப் பின்னுக்குத் தள்ளும், உங்கள் படங்களைத் திருப்பித் தராது. மென்பொருள், அமைப்பு எல்லாவற்றோடும் டிஸ்க்கை அப்படியே வேண்டும் என்றால் குளோன்சில்லா, ரெஸ்கியூசில்லா போன்ற இலவசக் கருவிகளால் முழு இமேஜ் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு அது கட்டாயம் என்று நான் நினைக்கவில்லை. விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் மறுபடி நிறுவலாம்; பேத்தியின் முதல் நடையை மறுபடி எடுக்க முடியாது.

ஆனால் ஒரு சாவியைப் பற்றி இங்கே கட்டாயம் பேச வேண்டும். இப்போது வரும் பல மடிக்கணினிகளில் பிட்லாக்கர் முறையில் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டே வருகிறது; மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்ததும் சத்தமில்லாமல் அமலாகிவிடும். திருடனிடமிருந்து காப்பாற்ற நல்லதுதான். ஆனால் மதர்போர்டை மாற்றினாலோ, சில அமைப்புகளைத் தொட்டாலோ, கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் சொந்தக்காரரும் திருடனும் அதற்கு ஒன்றுதான். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்கள் ஸ்தம்பித்தன. செய்ய வேண்டிய மருத்துவம் மிகச் சின்னது: சேஃப் மோடில் ஏற்றி ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் குறியாக்கம் செய்த கணினிகள் சேஃப் மோடுக்குள் விடுவதற்கு முன் அந்த 48 இலக்கத்தைக் கேட்டன. சாவிப் பட்டியலை வைத்திருந்த சர்வரும் சில இடங்களில் அதே நீலத் திரையில் நின்றதுதான் வேடிக்கை. வீட்டுக்குப் போனதும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை எடுத்துக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்து வைக்க வேண்டாம்.

வீடே போகிற ஆபத்தை 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தரைத்தளத்தில் கணினியும் பக்கத்து அலமாரியில் பேக்கப் டிஸ்க்கும் இருந்த வீட்டில் இரண்டும் ஒரே தண்ணீரில் நனைந்தன. ஆகவே ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். தங்கை வீடு மதுரையில் இருந்தால் பொங்கலுக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பழையதைத் திருப்பி எடுத்து வாருங்கள். அதில் ஆதார், பான், வங்கிக் கணக்கு நகலெல்லாம் இருக்குமாதலால் பூட்டியே அனுப்புங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் வெளி டிஸ்க்கை பிட்லாக்கரால் பூட்ட வழியில்லை. வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் போதும். பீட்டர் கிரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 3-2-1 என்று ஒரு விதி சொன்னார்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். பலரும் இதை மந்திரம் போல் ஒப்பிக்கிறார்கள். எனக்கு அந்தக் கடைசி ஒன்றுதான் முக்கியம். மற்ற எண்களை வசதிப்படி வைத்துக்கொள்ளலாம்.

"இவ்வளவு படத்தையும் எப்படி சார் நகலெடுப்பது, அளவு பெரிது" என்பீர்கள். தென்கொரிய அரசும் இதையேதான் சொன்னது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் முழுவதும் எரிந்தது; 858 டெராபைட். வெளியிடத்தில் பிரதி இல்லை. அளவு மிகப் பெரியது என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. நம் வீட்டில் பெரிதாக இருப்பவற்றில் பாதி, வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் பூக்கள். அவற்றைக் கழித்துவிட்டால் பல வீடுகளில் 200 ஜி.பி.க்குள் அடங்கும். வினாடிக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அது கிளவுடுக்குப் போக 22 மணி நேரம் ஆகும். இரண்டு இரவு, அவ்வளவுதான்.

இதெல்லாம் செய்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பிரதி உண்மையிலேயே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கிட்லேப் என்ற நிறுவனத்தின் கதையைச் சொல்கிறேன். அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டது. 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போன ஒரு பொறியாளர், துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து, முதன்மை சர்வரின் தரவுத்தளத்தை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு வினாடியில் புரிந்துகொண்டு நிறுத்தினார். சுமார் 300 ஜி.பி.யில் 4.5 மிச்சம். பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று போனார்கள். ஒன்றல்ல, ஐந்து ஏற்பாடு இருந்தது. தினமும் எடுப்பதாக நினைத்த பிரதியின் ஃபோல்டர் காலியாக இருந்தது. நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமல் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றால் மின்னஞ்சல் வர வேண்டுமே? புறப்பட்டிருக்கிறது, ஆனால் அனுப்புநரை உறுதி செய்ய முடியவில்லை என்று அஞ்சல் சர்வர் அந்த எச்சரிக்கைகளைத் திருப்பி அனுப்பிவிட்டது. டிஸ்க் படிமம் எடுக்கும் வசதி மற்ற சர்வர்களுக்கு இருந்தது, தரவுத்தள சர்வருக்கு இயக்கப்படவில்லை. கடைசியில் காப்பாற்றியது வேறொரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த பிரதி. அந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள்; அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.

பொறியாளர்கள் நிறைந்த நிறுவனத்திலேயே பிரதி வெற்றுப் பெட்டியாக இருக்க முடியும். வீட்டில் அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒன்றும் நடக்காத நாளில் மீட்டுப் பார்ப்பது. பேக்கப் டிஸ்க்கை எடுங்கள். வேறொரு கணினியில், அண்டை வீட்டுப் பிள்ளையின் மடிக்கணினியானாலும் சரி, சொருகுங்கள். ஒரு பழைய படம், ஒரு நீண்ட வீடியோ, ஒரு தமிழ்க் கோப்பு என்று திறந்து பாருங்கள். வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள்; பாதியில் நின்ற நகல் அங்கேதான் வெளிப்படும். தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஃபாண்ட் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால் உங்களில் பலர் புதுக் கணினிக்கு மாறிக்கொண்டிருப்பீர்கள். பழையதிலிருந்து நேராக இழுத்துப் போடாமல், பேக்கப்பிலிருந்து மட்டும் புதியதை நிரப்பிப் பாருங்கள். என்னென்ன விட்டுப்போயிற்று என்று அன்றைக்கே பட்டியல் கிடைத்துவிடும். பழைய கணினி பக்கத்திலேயே உயிரோடு இருப்பதால் நஷ்டமில்லை.

கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மேசைக்கு வந்த துண்டுச் சீட்டுகளில் இரண்டுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "கணினி, கடவுச்சொல் எல்லாம் என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" அம்மா, இதை நான் முதலிலேயே பேசியிருக்க வேண்டும். கூகுளில் இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் என்று ஓர் அமைப்பு 2013 முதல் இருக்கிறது; குறிப்பிட்ட மாதங்கள் கணக்கு தொடப்படாவிட்டால் நாம் சொன்னவருக்குத் தரவைத் தந்துவிடும். ஆப்பிளில் லெகசி காண்டாக்ட் உண்டு. இரண்டு ஆண்டு யாரும் நுழையாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம், படங்களோடு. ஆகவே இன்றிரவே அவரை உட்காரவைத்து கூகுள், ஆப்பிள் இரண்டிலும் அந்த ஏற்பாட்டை அமைக்கச் சொல்லுங்கள். கணினியின் கடவுச்சொல்லையும், அந்த 48 இலக்கத்தையும், வெராகிரிப்ட் கடவுச்சொல்லையும் நோட்டில் எழுதி வாங்கி, நகைப்பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கே வையுங்கள். அவர் முகம் சுளித்தால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

இன்னொரு சீட்டு: "மகள் கல்யாண வீடியோ டிவிடியில் இருக்கிறது, 2006ஆம் வருடத்தது. அப்படியே இருக்குமா?" வீட்டில் பதிந்த டிவிடியில் தரவு ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது, வெயிலும் வெப்பமும் ஈரமும் அதைக் கெடுக்கும். இப்போது வரும் மடிக்கணினிகளில் டிவிடி டிரைவும் இல்லை. யு.எஸ்.பி.யில் சொருகும் டிரைவ் ஒன்றை வாங்கியோ கேட்டு வாங்கியோ, தட்டில் இருக்கும் வீடியோ ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். உள்ளே பெயர் புரியாத சின்னச் சின்னக் கோப்புகள் இருந்தாலும் எதையும் விடாதீர்கள். ஒரு தட்டு படிக்க மறுத்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். வேறு நிறுவனத்து டிரைவில் போட்டுப் பாருங்கள், சிலது அங்கே படிக்கும். மாப்பிள்ளை வீட்டாரிடம் இன்னொரு செட் இருக்கும். அவர்களுக்கும் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.